பைப்படி கேமராவில் படாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு பானைச் சாம்பாருக்கு ஒரு நெத்திலித் தலை போதும் என்பதைச் சந்திரசேகரன் குடும்பம் போன வருஷப் புரட்டாசியில் தெரிந்துகொண்டது.

பினாங்கில் ஒரு கோவிலில் சனிக்கிழமை அன்னதானம். வாழையிலையில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்த ஒரு புண்ணியவான், சோற்றுக்குள் நெத்திலியின் தலை ஒன்றைக் கண்டெடுத்தார். பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போட்டோ எடுத்தார். 'பெருமாளே, இது என்ன சோதனை' என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டார். அவர் கை கழுவி வருவதற்குள் அது கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் போய், பிறை, நிபோங் திபால் என்று ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அந்தத் தலை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காலையில் இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலி தூவிய நாசி லெமாக் தின்றுவிட்டு வந்த எவனுடைய சட்டைப் பையிலிருந்து விழுந்ததோ, பரிமாறிய எவனுடைய கையில் ஒட்டிக்கொண்டு வந்ததோ. ஒன்று மட்டும் நிச்சயம். அது பிரமிளாவின் அடுப்படியிலிருந்து வரவில்லை. அந்த வீட்டில் வருஷம் முழுக்கச் சைவச் சமையல்தான். புரட்டாசியில் முட்டை போட்ட கேக்கைக்கூட வாசல் தாண்டி உள்ளே விடமாட்டாள் பிரமிளா. ஆனால் அவளிடம் யார் கேட்டார்கள்?

குயின் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது அவர்கள் வீடு. பழைய கடைவீடு. முன்னால் சாப்பாட்டுக் கடை, மாடியில் படுக்கை, பின்னால் நீளமாக அடுப்படி, அதற்கும் பின்னால் சிமெண்டு போட்ட சின்ன இடம். அங்கேதான் தண்ணீர்க் குழாய். பைப்படி என்பார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது சந்திரசேகரன் பெயர். கல்லாவில் உட்காருவதும் அவர்தான். சமைப்பது அவர் மனைவி பிரமிளா, மருமகள் லோகேஸ்வரி, ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறி வருகிற நல்லம்மாள். நகைக்கடை, துணிக்கடைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டுவதில்தான் அந்த அடுப்பு எரிகிறது. சனிக்கிழமைகளில் கோவிலுக்கு. கோவிலின் பெயர் எதற்கு? கமிட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

இந்த வருஷம் ஆடி முடியும்போதே கமிட்டிச் செயலாளர் சிவநேசன் வந்துவிட்டார். ஏதோ ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீசிலிருந்து மட்டும்தான், அதிகாரத்திலிருந்து இல்லை. பிரமிளா போட்ட கோப்பியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"சேகர், ஜனங்க மறக்கலப்பா. போன வாரங்கூட மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ஒருத்தர் கேக்குறாரு, இந்த வருஷமும் இக்கான் பிலிஸ் சாம்பாரான்னு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு?"

"என்னா செய்யலாம் அண்ணே?"

"கேமரா போடு. அடுப்படியில. கமிட்டி ஆளுங்க எல்லாருக்கும் போன்ல தெரியணும். நாளைக்கு எவனாச்சும் வாயத் தொறந்தா, இந்தா பாருடான்னு காட்டிடலாம். ஒனக்குத்தாம்ப்பா பாதுகாப்பு."

கதவோரம் நின்ற பிரமிளாவுக்கு அடக்க முடியவில்லை. "அண்ணே, இங்கேருந்து பானை லோரியில ஏறிக் கோவிலுக்கு வருது. அங்க யார் யாரோ அள்ளி ஊத்துறாங்க. அங்கயும் கேமரா போடுவீங்களா?"

சிவநேசன் சிரித்தார். "கோவில்ல போயி கேமராவா? அங்கதான் பெருமாளே பாத்துக்கிட்டு இருக்காரே தங்கச்சி."

"அவரு இங்க பாக்க மாட்டாரா?"

"பிரமிளா," என்றார் சந்திரசேகரன். "அண்ணனுக்கு இன்னொரு கோப்பி போடு."

அவள் போட்டாள். சீனி போடவில்லை. அந்த மனுஷனோ, சீனி குறைவாக இருப்பது உடம்புக்கு நல்லது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கேமரா போடுகிறவர் ஜெயராஜ், பினாங்கு ரோட்டில் கடை வைத்திருப்பவர். ஒரு மழை மத்தியானம், கடை முன்தாழ்வாரமான அஞ்சடியில் குடையை உதறிவிட்டு உள்ளே வந்து வீட்டை முன்னும் பின்னும் அளந்து பார்த்தார். நல்ல பிள்ளை. தொழிலை மறைக்காமல் பேசினார்.

"வைஃபை கேமரா வேணாம் அங்கிள். பழைய வீடு, செவுரு தடிப்பு, லைன் உள்ள போகாது. வயர் இழுக்குறதுதான் செனாங், சுலபம். நாலு கேமரா பெட்டி போதும்லா. கல்லாவுல ஒண்ணு, அஞ்சடியில ஒண்ணு, சாமான் ரூம்புல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு."

"அடுப்படிதான் முக்கியம்," என்றார் சந்திரசேகரன். "மத்தது பின்னால பாத்துக்கலாம்."

"கல்லாவுல வேணாமா அங்கிள்? கடைக்காரங்க எல்லாரும் மொதல்ல அங்கதான் போடுவாங்க."

"கல்லாவுல நான்தானே இருக்கேன்."

பிரமிளா வெங்காயத்தை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். ஜெயராஜ் ஸ்டூல் மேல் ஏறிச் சுவரைத் தட்டினார். சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது.

"அடுப்புக்கு நேர் மேல போட்டா ஆவி அடிச்சு மங்கிடும். எண்ணெப் பிசுக்கும் ஏறும். எதுத்த செவுத்துல போடுறேன். குண்டு கேமராவா போட்டா கவர தொடச்சிக்கலாம். அகலமா தெரியும். அடுப்பு, கிரைண்டர், சாப்பாடு கட்டுற மேசை எல்லாம் வந்துரும். பின்னால பைப்படி மட்டும் படாது ஆண்ட்டி. கதவு மறைக்குது."

"அது படாமலே இருக்கட்டும் தம்பி," என்றாள் பிரமிளா வேகமாக. பிறகு கேட்டாள். "இத யார் யாரு பாப்பாங்க?"

"சாதாரணமா வீட்டுக்காரங்க மட்டுந்தான் ஆண்ட்டி. போன்ல ஒரு கியூஆர் கோடு வரும். அத ஸ்கேன் பண்ணவங்க யாரா இருந்தாலும் பாக்கலாம். அதனால வெளியாளுக்குக் குடுக்காதீங்கன்னு சொல்லிருவேன்."

"கமிட்டிக்குக் குடுக்கணும்," என்றார் சந்திரசேகரன்.

ஜெயராஜ் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அடுப்படியவா அங்கிள்? கமிட்டிக்கா?" என்று ஒரு தரம் கேட்டார். அதற்கு மேல் அவர் கேட்க முடியாது. அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

பிரமிளா பயந்தது வேறு காரணத்துக்காக. அந்த அடுப்படியில் ஒரு ஏற்பாடு இருந்தது. சாமிக்குப் போகிற சமையல் என்பதால், தூரமான நாட்களில் பெண்கள் அடுப்பைத் தொடமாட்டார்கள். பைப்படியில் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், இலை கழுவுவார்கள், பாத்திரம் துலக்குவார்கள். 'நான் வெளிய' என்று ஒருத்தி முணுமுணுத்தால் போதும், இன்னொருத்தி கரண்டியை வாங்கிக்கொள்வாள். அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. அவர்களுக்குள் அவர்கள் வைத்துக்கொண்டது. பக்கத்திலேயே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சந்திரசேகரனுக்குக்கூட இத்தனை வருஷத்தில் எவள் எப்போது வெளியே என்று தெரியாது.

இனிமேல் தெரியும். யார் அடுப்பில் இல்லையோ அவள் பைப்படியில். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் அதைச் சொன்னாள். வாயைத் திறந்து சொல்வதற்கே அவளுக்கு உடம்பு கூசியது.

"சே, யாரு அதெல்லாம் பாப்பா?" என்றார் அவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "அவங்கெல்லாம் பெரிய மனுசங்க."

பெரிய மனுஷர்கள் பார்த்தார்கள். வேறு வேலை என்ன அவர்களுக்கு?

கேமரா ஏறிய முதல் வாரமே போன் வர ஆரம்பித்தது. எல்லாம் சந்திரசேகரனுக்கு. அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்று ஒப்பிப்பார்.

"நல்லம்மாவத் தலையில துணி கட்டிக்கச் சொல்றாங்க."

"பிரமிளா, கரண்டிய மூக்குக்கிட்ட கொண்டுபோனியா? சாமிக்கு வைக்கிறது, மோந்து பாக்கக் கூடாதுன்னு சொல்றாங்க."

"அடுப்படியில நைட்டி போட வேணாமாம். சேலை கட்டிக்கிட்டா நல்லதாம்."

"இந்த வேக்காட்டுல சேலையா?" நல்லம்மாள் துவையலை வழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஐம்பத்தெட்டு வயது, கைலியும் சட்டையுமாகவே காலம் தள்ளியவள். "அவனுங்க வீட்டுப் பொம்பளைங்க சேலை கட்டிக்கிட்டுதான் தோசை சுடுறாளுங்களா? போயி கேளுங்கண்ணே."

சந்திரசேகரன் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் அந்தக் கேமராவே ஏறியிருக்காது.

சோறு வடிக்கும்போது ஆவியில் கேமராவின் கண் மங்கிவிடும். உடனே போன் வரும், தெரியவில்லை, துடைக்கச் சொல் என்று. பிரமிளா ஸ்டூலில் ஏறித் துணியால் துடைப்பாள். தன்னை முறைக்கிற கண்ணைத் தானே துடைத்துவிட வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தாலும் பயிர் போய் வேலியைத் துடைத்துவிடுவதில்லை. இந்த வீட்டில் அதுவும் நடந்தது.

ஆவணி நடுவில் ஒரு நாள் லோகேஸ்வரி பைப்படியில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாலிக் புலாவ் பக்கத்துப் பெண். அதிர்ந்து பேசாது. கட்டிக்கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு முறை தங்காமல் போய்விட்டது. சிவநேசன் கடைக்கு வந்தவர், சுவரில் தொங்கிய சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுச் சந்திரசேகரனிடம் கேட்டார்.

"ரெண்டு நாளா மருமகளக் காணோமே? அடுப்புல?"

சந்திரசேகரன் தலையைச் சொறிந்தார்.

"ஓ. சரி சரி. புரியிது," என்றார் சிவநேசன், பெருந்தன்மையாக.

உள்ளே லோகேஸ்வரியின் காதில் அது விழுந்தது. கத்தி அப்படியே நின்றது. நல்லம்மாள் பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டு ஓசை எழுப்பினாள். கேட்டதை அந்த ஓசை அழித்துவிடுமா? அன்றைக்கு முழுக்க லோகேஸ்வரி நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. அடுத்தவன் வீட்டுப் பெண்ணின் உடம்புக் கணக்கைக் கல்லாவில் நின்று சரிபார்க்கிறான் ஒருவன், அவனுக்கு இங்கே கோப்பி போட்டுக் கொடுக்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது.

புரட்டாசி பிறந்தது. வேலை இடுப்பை ஒடித்தது. விடியக்காலையிலேயே புளியோதரைக்குப் புளி காய்ச்ச வேண்டும், வடைக்கு உளுந்து ஆட்ட வேண்டும், சர்க்கரைப் பொங்கல், சுண்டல், கோசுப் பொரியல். பின்னேரமானால் மழை கொட்டும், பின்சந்துச் சாக்கடை நிரம்பிப் பைப்படிவரை ஏறி வரும். இத்தனைக்கும் நடுவில் லோகேஸ்வரி ஒரு நாள்கூட அடுப்பைவிட்டு நகரவில்லை. பிரமிளா கவனித்தாள். கவனித்ததை வாயால் கேட்கவில்லை. கனத்த பானையை மட்டும் மருமகள் தூக்க விடாமல், "நீ நகரு, நான் பாத்துக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். மூன்று மாசம் தாண்டாமல் பேசக்கூடாத பேச்சு அது. அந்தக் குடும்பத்தில் அதை அனுபவித்துக் கற்றிருந்தார்கள். முன்பு இரண்டு தடவையும் ஊருக்கே தெரிந்து, பிறகு ஊரே வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்ணைக் கொன்றது.

மூன்றாம் சனிக்கிழமை கோவிலில் கூட்டம் நெரிந்தது. பூசை முடிந்து அன்னதானத்துக்கு முன்னால் சிவநேசன் மைக்கைப் பிடித்தார். இந்த வருஷம் சமையல் எவ்வளவு சுத்தம், கமிட்டியே நேரடியாகக் கண்காணிக்கிறது என்று நீட்டி முழக்கினார். அதோடு இறங்கியிருக்கலாம்.

"இன்னொரு சந்தோசமான விசயம். பெருமாளுக்குச் சமைக்கிற கைக்குப் பெருமாள் பலன் குடுத்திட்டாரு. நம்ம சேகரோட மருமக, போன மாசம் வெளிய உக்காந்துச்சு. இந்த மாசம் முழுக்க அடுப்படியிலதான் நிக்கிது. நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம். நல்ல சேதிதான், என்னா சேகர்?"

ஜனங்கள் கைதட்டினார்கள். யாரோ ஒரு அம்மா ஓடிவந்து லோகேஸ்வரியின் கன்னத்தை வழித்தாள். ஐயர் மாலையைக் கொண்டுவந்து போட்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்த குணாளன், அவள் புருஷன், தூக்கக் கண்ணோடு தூணோரம் நின்றான். அவனுக்கே அப்போதுதான் தெரியும். ஊரோடு சேர்ந்து அவனும் மைக்கில் கேட்டான்.

சந்திரசேகரன் சிரித்தார். அதுதான் பிரமிளாவால் கடைசிவரை பொறுக்க முடியாமல் போனது. அந்த நேரத்தில் இந்த மனுஷன் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் குணாளன் குதித்தான். "அந்தக் கிழவனுக்குத் தெரியிது, எனக்குத் தெரியலயா? என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"யார்கிட்டயும் சொல்லல," என்றாள் லோகேஸ்வரி. மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. கழற்றக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. "டாக்டர்கிட்டகூட போகல. ரெண்டு தடவ சொல்லிச் சொல்லித்தானே போச்சு. இந்தத் தடவ யாருக்கும் தெரியாம நின்னுடட்டும்னு இருந்தேன்."

"அப்ப கேமரா பாக்குதுன்னு தெரியும்ல? ரெண்டு மூணு நாளு சும்மாவாச்சும் பைப்படியில போயி உக்காந்திருக்கலாம்ல?"

லோகேஸ்வரி மாமியாரைத்தான் பார்த்தாள்.

"நெனச்சேன் அத்தை. மனையக்கூட எடுத்துப் போட்டேன். பொய்யா உக்காந்தா, அது மெய்யாயிடுமோன்னு பயமா இருந்துச்சு. உக்கார முடியல."

பிரமிளா அவள் கழுத்திலிருந்து மாலையை எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கணவரின் கல்லா மேசையில் வைத்தாள்.

"கேமராவக் கழட்டுங்க."

"புரட்டாசி முடியட்டும் பிரமிளா. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதானே. இப்ப கழட்டுனா, எதையோ மறைக்கிறோம்னு சொல்ல மாட்டாங்களா?"

"மறைக்கத்தான் செய்யணும். மறைக்க வேண்டியத மறைக்கத்தான் செவுரு வச்சு வீடு கட்டுறாங்க."

"அண்ணன் நல்ல மனசோடதான் சொன்னாரு. வாழ்த்துதானே?"

அதற்குப் பிறகு பிரமிளா அந்த வாரம் முழுக்க அவரிடம் பேசவில்லை. கேமராவின் கண் மங்கியபோதெல்லாம் ஏறித் துடைத்தாள். சந்திரசேகரன் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார். ஆம்பளைகள் எதை எதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்!

கடைசிச் சனிக்கிழமை. வருஷத்திலேயே பெரிய அன்னதானம். முதல் நாளே பாசாரிலிருந்து காய் மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. அரிசி ஊறியிருந்தது, புளி ஊறியிருந்தது, உளுந்து ஊறியிருந்தது. பொழுது விடிந்து, பக்கத்துக் கடைகளில் கதவு திறக்கிற ஓசை கேட்டது. அடுப்பு எரியவில்லை.

சிவநேசன் பசியாறிக்கொண்டே போனைத் திறந்தார். அடுப்படி தெரிந்தது. பானைகள் கவிழ்த்தபடி இருந்தன. நடுவில் ஒரு ஸ்டூல். அதில் லோகேஸ்வரி. கையைக் கட்டிக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. அவர் போனைச் சாய்த்துப் பார்த்தார், அணைத்துத் திறந்து பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்த ரோத்தியைத் தட்டிலேயே வைத்தார். கமிட்டியின் மற்ற போன்களிலும் அதே முகம்தான்.

சந்திரசேகரனைக் கூப்பிட்டார். அவர் கடைச் சாமான் எடுக்க லோரிக்காரனோடு போயிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள், பின்னால் கமிட்டி ஆட்கள் மூன்று நான்கு பேர், வெள்ளை வேட்டியில்.

லோகேஸ்வரி திரும்பவில்லை. சந்திரசேகரன், "என்னாம்மா இது?" என்று கேட்டார். அவள் பைப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே பிரமிளாவும் நல்லம்மாளும் மனை போட்டு உட்கார்ந்து வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாமல்.

"என்னா தங்கச்சி இது?" சிவநேசனுக்கு மூச்சு வாங்கியது. "அடுப்பு ஏன் எரியல? பதினோரு மணிக்குப் பூசை!"

"நான் வெளிய அண்ணே," என்றாள் பிரமிளா.

சிவநேசன் சட்டென்று சுவரைப் பார்த்தார். இரண்டு மாசமாகப் போனில் உற்று உற்றுப் பார்த்துக் கணக்கு வைத்த மனுஷனுக்கு, ஒரு பெண் வாயைத் திறந்து சொன்னதும் வெட்கம் வந்துவிட்டது.

"ஓ. சரி... சரி. அப்ப நல்லம்மாவச் செய்யச் சொல்லுங்க."

"நானும் வெளியதான்," என்றாள் நல்லம்மாள்.

"நல்லம்மா, வெளயாடாதீங்கம்மா. ஒங்க வயசுக்கு..."

"எனக்கு எங்க அண்ணே நெனப்பிருக்கு? கணக்கு ஒங்க போன்ல இருக்கும்ல. பாத்துச் சொல்லுங்க, எனக்கு எப்ப நின்னுச்சுன்னு."

பின்னால் நின்ற கமிட்டி ஆட்களில் ஒருவர் போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். இன்னொருவர் லோரியைப் பார்க்கிற சாக்கில் நழுவினார்.

"அப்ப மருமக செய்யட்டுமே," என்றார் சிவநேசன், குரல் இறங்கி. "அதுக்குத்தான்..."

நிறுத்திக்கொண்டார். பிரமிளா எழுந்தாள். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"சொல்லுங்க. அதுக்குத்தான்? அன்னைக்கு ஊரக் கூட்டி வச்சு மைக்குல சொன்னீங்கல்ல. இன்னைக்கு என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் என்னா?"

சிவநேசன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒரு நெத்திலித் தலைக்காக எங்க அடுப்படிக்குள்ள வந்தீங்க. எங்க கையப் பாத்தீங்க, சரி. எங்க துணியப் பாத்தீங்க, பொறுத்தோம். அப்புறம் எம் மருமக வயித்துக்குள்ள பூந்தீங்க. அவ புருசனுக்கே சொல்லாம சாமிகிட்ட மட்டும் சொல்லி வச்சிருந்தா. நீங்க அத எடுத்து ஊருக்குப் பொட்டலமா போங்குஸ் கட்டிக் குடுத்தீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அதையும் மைக்குல சொல்லுவீங்களா? 'இந்த மாசம் மறுபடி வெளிய உக்காந்திருச்சு'ன்னு?"

"தங்கச்சி, நான் நல்ல எண்ணத்துல..."

"ஒங்க நல்ல எண்ணத்த ஒங்க வீட்டு அடுப்படியில வச்சுக்குங்க."

சந்திரசேகரன் உள்ளே பார்த்தார். ஸ்டூலில் மருமகளின் முதுகு. அவளுக்கு எதிரே சுவரில் அந்தக் குண்டு கண். கல்லாவில் அவர் ஒருநாளும் அப்படி ஒன்றின் கீழே உட்கார்ந்ததில்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. சில பேருக்கு உறைப்பதற்குச் சாமி சாப்பாடே நின்றுபோக வேண்டியிருக்கிறது. உள்ளே போய் ஏணியைச் சாத்தி ஏறினார். திருப்புளி நழுவி நழுவிப் போயிற்று. சுண்ணாம்பு அவர் தலையெல்லாம் கொட்டியது.

"சமையலு?" என்றார் சிவநேசன், யாரிடம் கேட்பது என்று தெரியாமல்.

"நாங்க வெளிய. தொட மாட்டோம்," என்றாள் பிரமிளா. "சாமிக் குத்தம். நீங்கதானே சுத்தம் பாக்குறவங்க. உள்ள போயி அடுப்பப் பத்த வைங்க."

ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்த குணாளன் நிலைமையைப் பார்த்தான். பையை இறக்கிவிட்டு, கை கால் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்தான். பெரிய சட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மனைவியிடம் கேட்டான்.

"நீ எந்திரிக்காத. உக்காந்துக்கிட்டே சொல்லு. எண்ணெ எவ்வளவு?"

லோகேஸ்வரி சொன்னாள். சிவநேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோசு நறுக்க உட்கார்ந்தார். எஞ்சிய கமிட்டி வடைக்கு உளுந்து ஆட்டியது. மிளகாய் கருகுகிற நெடி பைப்படிவரை வந்தது.

"குணா, தீயக் கொற! கரியுது!" என்று கத்தினாள் நல்லம்மாள். "செயலாளரே, கை கழுவிட்டீங்களா? தலையில துணி கட்டிக்குங்க!"

சந்திரசேகரன் பைப்படிக்கு வந்தார். கையில் கேமரா, பிய்ந்த வயரோடு. மீசையிலும் சுண்ணாம்பு.

"கழட்டிட்டேன் பிரமிளா."

பிரமிளா இலையைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் கழுவினாள்.

"அதக் கழட்டிட்டீங்க. பாத்தத எப்படிங்க கழட்டுவீங்க?"

அவர் நின்றார். கேமராவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. பிரமிளா கழுவிய இலைக்கட்டைத் தூக்கி அவர் கையில் திணித்தாள்.

"இதக் கொண்டுபோய் உள்ள குடுங்க. நான் வர முடியாது. மூணு நாளைக்கு நான் வெளிய."